பேசாத நேரம் யாருக்குச் சொந்தம்?

தொலைபேசியில் மனிதர்கள் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதுதான் அதிகம் என்று கண்டுபிடிக்கப்பட்ட வருடம், நான் எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு, பேசுவதற்கு வேலையும் பேசாமல் இருப்பதற்குச் சம்பளமும் இல்லாமல் சென்னையில் சுற்றிக்கொண்டிருந்தேன். தொலைத்தொடர்புக் கொள்கை ஆய்வு மையம் என்ற நிறுவனம் என்னை எடுத்துக்கொண்டது. நந்தனத்தில் ஒரு இனிப்புக் கடையின் மாடியில் இருந்தது அது. நாட்டின் தொலைபேசிக் கொள்கை எப்படி இருக்க வேண்டும் என்று டெல்லிக்குச் சொல்வது எங்கள் வேலை. டெல்லி அதைக் கேட்டதாகத் தகவல் இல்லை.

என் பதவி ஆய்வு உதவியாளர். கம்ப்யூட்டருக்காக ஒரு அறைக்கு ஏசி போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்குத் துணையாக என்னை அதற்குள் உட்கார வைத்தார்கள். கல்லூரியில் நான் சுவர்ப் பத்திரிகைக்குக் கிண்டல் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவன். இங்கே அதே நடையில் அரசுக்குக் கொள்கை எழுதினேன். ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. சில நாட்களில் எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

இண்டர்நெட் அப்போதுதான் ஊருக்குள் நுழைந்திருந்தது. மோடம் கிறீச்சிட்டுக் கதறி, ஒரு படம் திரையில் மேலிருந்து கீழே இறங்கி முடிவதற்குள் கீழே கடையில் ஒரு சட்டி ஜாங்கிரி பொரிந்து, பாகில் ஊறி, விற்றும் போய்விடும். லைன் போதவில்லை. புதுக் கேபிள் போட வேண்டுமென்றால் ரோட்டைத் தோண்ட வேண்டும். ரோட்டைத் தோண்டுவதற்கு, அதை ஏற்கெனவே தோண்டிக்கொண்டிருக்கிற துறைகள் சம்மதிக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் ஒரு கம்பெனி நிரவி என்ற கருவியைக் கொண்டு வந்தது. இப்போது நீங்கள் தேடினால் அப்படி ஒரு கருவி கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதற்கு நான் ஒருவகையில் பொறுப்பு. என்ன வகையில் என்றால், ஒன்றும் செய்யாமல் நின்ற வகையில்.

எங்கள் இயக்குநர் டாக்டர் வைத்தமாநிதி தந்தித் துறையில் உயர்ந்த பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் என்னையும் பெர்க்மான்ஸையும் அறைக்குக் கூப்பிட்டார். பெர்க்மான்ஸ் தூத்துக்குடிக்காரன், புள்ளியியல் படித்தவன், மையத்தில் உண்மையிலேயே கணக்குத் தெரிந்த ஒரே ஆள்.

"தென்னவன், ஒரு போன் கால்ல நீ எவ்வளவு நேரம் பேசுவே?" என்றார் இயக்குநர்.

"எதிர்ல யாருங்கறதைப் பொறுத்து சார்."

"யாரா இருந்தாலும் பாதிக்கு மேல பேச மாட்டே. ஒருத்தர் பேசறச்சே இன்னொருத்தர் கேட்டுண்டிருக்கார். நடுவுல ரெண்டு பேரும் மூச்சு விடறா, யோசிக்கறா, மென்னு முழுங்கறா. அத்தனை நேரமும் லைன் காலியாக் கெடக்கறது. ஆளே ஏறாத பஸ்ஸு நாடு பூரா ஓடிண்டிருக்கு, புரியறதா? நிரவி அந்தக் காலி இடத்தை வெட்டி எடுத்து, அதுல இண்டர்நெட்டை விட்டுடும்."

பெர்க்மான்ஸ் வாயைத் திறந்தான். நாங்கள் காத்திருந்தோம்.

அவனுக்குத் திக்குவாய். சினிமாவில் காட்டுவது போல ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிற வகை இல்லை. சொல் தொண்டைவரை வந்து நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும், கண் ஒரு மூலையைப் பார்க்கும், சத்தமே இருக்காது. பிறகு வாசல் திறந்தது போல மொத்த வாக்கியமும் வெளியே விழும். அதுவரை பொறுக்காமல் எதிரில் இருப்பவர்கள் அவன் வாக்கியத்தைத் தாங்களே முடித்துக் கொடுப்பார்கள். தப்பாக முடிப்பதில் நான் முன்னணியில் இருந்தேன்.

"இடைவெளிய வெட்டினா... கேக்கிற ஆளுக்குத் தெரியாதா சார்?"

"தெரியாது. அதான் அதோட சாமர்த்தியம். முன்னால வந்த சொல்லை இழை மாதிரி கொஞ்சம் இழுத்து, பின்னால வர்ற சொல்லோட ஒட்டிடும். அந்தப் பக்கம் ஒரே சீராக் கேக்கும். நீ எங்கே நின்னே, எங்கே முழிச்சே, கேட்டதுக்கு எவ்வளவு நேரம் கழிச்சுப் பதில் சொன்னே, ஒண்ணும் தெரியாது."

பெர்க்மான்ஸ் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏசி அதிகமோ என்று நினைத்தேன். ஆராய்ச்சியாளனுக்குரிய கூர்மை எனக்கு அவ்வளவுதான்.

கருவியில் சிக்கல் இல்லை, சட்டத்தில்தான் சிக்கல். காலி இடம் என்றால் அது யாருடையது? கூப்பிட்டவன்தான் காசு கொடுக்கிறான், அவனுடையதா? எடுத்துப் பேசியவனும் பாதி மௌனத்தைப் போட்டிருக்கிறானே, கூட்டுச் சொத்தா? கம்பெனி எடுத்து விற்கலாமா? இதைத் தீர்மானிக்க டெல்லி ஒரு மூவர் குழுவை அமைத்தது. குழுவுக்கு ஆய்வு அறிக்கை எழுதித் தரும் பொறுப்பு எங்கள் மையத்துக்கு வந்தது. வரலாற்றில் முதல் தடவையாக டெல்லி எங்களைக் கேட்டிருந்தது. இயக்குநர் அன்று எல்லோருக்கும் கீழேயிருந்து பாதுஷா வரவழைத்தார்.

"பேசினதுக்குப் பேசினவன் சொந்தக்காரன். பேசாததுக்கு?" என்று மேசையைத் தட்டினார். "பூமிக்கடியில புதையல் கிடைச்சா யாருக்குச் சேரும்? சர்க்காருக்கு. அவ்வளவுதான் விஷயம். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். 'மௌனம் என்பது, இணைப்பு உயிருடன் இருக்கும்போது இரு தரப்பும் பேசாதிருக்கும் காலம். அது எவருடைய ஆக்கமும் அன்று. ஆகவே அரசுக்கு உரியது.' கல்லூரிச் சுவரில் இதை ஒட்டியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அறிக்கையில் இது பத்தி நான்கு.

அடுத்து எல்லைகளை வரையறுக்க வேண்டும். இருமல் பேச்சா, மௌனமா? தும்மல்? இரண்டு நாள் விவாதித்தோம். நிரவி ஒரு அளவுக்குக் கீழே இருக்கிற ஓசை எல்லாவற்றையும் வெட்டிவிடும் என்று கம்பெனி சொன்னதால், கருவியின் வசதிப்படியே இலக்கணம் வகுத்தோம். 'இருமல், தும்மல், பெருமூச்சு, விம்மல் ஆகியன மௌனத்தின் உள்வகைகள்.' இயக்குநர் சொன்னார், நான் டைப் அடித்தேன், பெர்க்மான்ஸ் எழுத்துப்பிழை பார்த்தான். மூன்று பட்டதாரிகள்.

சோதனை ஓட்டம் இரண்டு இடங்களில் தொடங்கியது: சென்னையில் எங்கள் பகுதி, தெற்கே தூத்துக்குடியில் ஒரு பகுதி. சந்தாதாரர்களை போனில் கூப்பிட்டு, லைன் எப்படி இருக்கிறது என்று கருத்துக் கேட்க வேண்டும். போன் வேலையை இதுவரை யாரும் பெர்க்மான்ஸிடம் கொடுத்ததில்லை. இந்தத் தடவை அவனே வந்து கேட்டான்.

"நான் பண்ணுதேன்லே."

"மாப்ள, எழுநூறு பேரு. நீ ஒரு ஆளுக்கு வணக்கம் சொல்றதுக்குள்ள..."

"கீழ கடைக்குப் போய் எனக்கு ஒரு போன் போடு."

போய்ப் போட்டேன். கல்லாவில் இருந்தவர் முறைத்தார். மாடியில் மணி அடித்தது, எடுத்தான். "வணக்கம். தொலைத்தொடர்புக் கொள்கை ஆய்வு மையம். சொல்லுங்கள், உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?" என்றது ஒரு குரல். நிதானமாக, வழவழவென்று, வானொலியில் மாநிலச் செய்தி வாசிக்கிற குரல். நான் பயந்துபோய் "பெர்க்மான்ஸ் இருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான்தாம்லே கோட்டிக்காரப்பயலே," என்றது மாநிலச் செய்தி.

மாடிக்கு ஓடினேன். ரிசீவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது, நரம்பு இன்னும் புடைத்திருந்தது. இந்த அறையில் மூச்சுமுட்டி நின்ற ஆள், மாடிப்படிக்குக் கீழே கம்பீரமாகப் போய் இறங்கியிருக்கிறான்.

அதன் பிறகு அவனை போனிலிருந்து பிரிக்க முடியவில்லை. தூத்துக்குடிச் சந்தாதாரர்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, "அந்த ரேடியோ தம்பி மறுபடி எப்பக் கூப்பிடுவாரு?" என்று விசாரித்தார்கள். அப்படி விசாரித்தவர்களில் ஒருத்திதான் ஃபெபியோலா. துறைமுகத்துக்கு எதிரே, கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தருகிற ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை. லைனின் தரம் திருப்தியா என்ற கேள்விக்கு அவள், "லைனு நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் கப்பல் நங்கூரம் எடுக்க மாதிரி ரொம்ப மெதுவாப் பேசுதிய" என்றாளாம். அந்த வினாப் பட்டியலில் பதினோரு கேள்விதான் இருந்தது. அவளிடம் மட்டும் கருத்துக்கணிப்பு இரண்டு மாதம் நடந்தது.

ஒரு மதியம் பெர்க்மான்ஸ் என் மேசைக்கு வந்து நின்றான். வாசல் திறக்க ரொம்ப நேரம் ஆனது.

"கேட்டுட்டேன்லே. கட்டிக்கிடுதியான்னு கேட்டுட்டேன்."

"என்ன சொன்னா?"

"நான் கேட்டு முடிக்கல, சரின்னுட்டா! ஒரு நிமிசம்கூட யோசிக்கலலே அவ."

"உனக்குத் திக்கும்னு அவளுக்குத் தெரியுமா?"

அவன் மூலையைப் பார்த்தான். இந்தத் தடவை சொல் நிற்கவில்லை, சொல்லே இல்லை.

"கல்யாணம் ஆனப்புறம் என்ன பண்ணுவே? ஹால்ல ஒரு போன், சமையல்கட்டுல ஒரு போன் வெச்சுப் பேசிக்குவியா?"

"நிரவி நாடு பூரா வந்துரட்டும். அதுக்குள்ள... மெல்ல மெல்லச் சொல்லிருவேன். மொதல்ல வரட்டும். உன் அறிக்கைய நல்லா எழுதுலே, உன்னக் கும்பிடுதேன்."

இரண்டு வீடும் ஒரே ஊர், ஒரே கோயில். பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். பையன் குரலை போனில் கேட்ட பெண்ணின் அப்பா, "மைக்கு முன்னால நிக்க வேண்டிய பையன்" என்றாராம். கோயிலில் ஓலை வாசிக்க நாளும் குறித்தாயிற்று. அவர்கள் வழக்கத்தில், கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரைப் படித்து, இதற்கு யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பொதுக் கருத்துக் கேட்பு. எங்களுடையதற்கும் நாள் வந்தது, ஓலைக்கு முந்திய வாரம்.

ஹோட்டல் கட்டுப்படியாகாததால் கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். முந்திய நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் இன்னும் கட்டியிருந்தது. மேடையில் மணமக்கள் சோபாவில் மூவர் குழு உட்கார்ந்திருந்தது. தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. விதி எளிமையானது: யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம், முடிந்தால் மணி அடிக்கும்.

கணிப்பு முடிவை பெர்க்மான்ஸ்தான் சொல்ல வேண்டும் என்றார் இயக்குநர். அவன் ஒரு யோசனை சொன்னான்: நிரவியின் பெருமையை நிரவி மூலமாகவே காட்டலாம், அவன் மணமகள் அறையில் இருக்கிற போனில் பேச, மேடையில் இருக்கிற ஸ்பீக்கர் போனில் சபை கேட்கட்டும். கம்பெனிக்காரர்கள் அவனைக் கட்டிக்கொள்ளாத குறை.

அப்படியே நடந்தது. மணமகள் அறையில் உதிர்ந்த மல்லிகைக்கு நடுவில் அவன் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் ஒருவன்தான் பார்த்தேன். சபைக்கு மாநிலச் செய்தி கேட்டது. பத்தில் எட்டுப் பேருக்குத் திருப்தி. இண்டர்நெட் வேகம் இரண்டு மடங்கு. குழுத் தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தப் பையனை டெல்லிக்குக் கூப்பிட்டுக்கலாம்" என்றது மைக்கில் கேட்டது.

பிறகு சந்தாதாரர்கள் முறை. தூத்துக்குடியிலிருந்து வந்த கனியம்மாள் என்ற அம்மாள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எம் மவன் துபாயில இருக்கான் ஐயா. நல்லாருக்கியாய்யான்னு கேப்பேன். அவன் ஒடன பதிலு சொல்ல மாட்டான், சின்னதுலருந்தே அப்பிடித்தான். எம்புட்டு நேரம் கழிச்சுச் சொல்லுதானோ, அத வெச்சு நான் தெரிஞ்சுக்கிடுவேன். இந்த மிசினு வந்த பெறவு, நான் கேட்டு வாய மூடல, நல்லாருக்கேம்மாங்கான். நானும் நல்லாருக்கான்னு இருந்துட்டேன். அங்க வேல போயி, அடுத்தவன் ரூமுல ஒண்டிக்கிட்டுக் கெடந்திருக்கான். போன்லயே அழுதிருக்கான். எனக்குக் கேக்கல."

தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார். "அழுகை எப்படிக் கேக்காம போகும்?"

இயக்குநர் எழுந்து நின்றார். "விம்மல், மௌனத்தின் உள்வகை. இணைப்பு இரண்டு, பக்கம் பதினாறு."

எல்லோரும் கையில் கொடுத்திருந்த அறிக்கையில் பக்கம் பதினாறைப் புரட்டினார்கள். இருக்கிற எழுத்துருக்களிலேயே அழகானதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பக்கத்தை நான் அடித்திருந்தேன். நல்ல கிண்டலுக்கு ஒரு இலக்கணம் உண்டு, படிக்கிறவன் முகம் கொஞ்சம் மாற வேண்டும் என்று. மாறியது. கனியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அறிக்கையைத் தலைகீழாகப் பிடித்தபடி, மற்றவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து கிளியரிங் ஏஜெண்டுகள் சங்கத்தின் சார்பில் ஒரு பெண் வந்தாள். பெயர் சொன்னாள்: ஃபெபியோலா.

மணமகள் அறைக் கதவைப் பார்த்தேன். சாத்தியிருந்தது. உள்ளே அவன் ரிசீவரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

அவள் மைக்கின் முன்னால் சும்மா நின்றாள். எவ்வளவு நேரம் என்றால், பின்வரிசையில் ஒருவர் மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்து எழுந்து போய் ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

"நான் சங்கத்துப் பேரைச் சொல்லி வந்தேன். பேசப்போறது என் விசயம்," என்றாள். "இந்த லைன்ல ஒருத்தர் என்னக் கட்டிக்கிடுதியான்னு கேட்டாரு. நல்ல மனுசன்தான். ஆனா குரலத் தவிர ஒண்ணும் தெரியாது. நான் ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். என்ன, யோசிக்கணுமான்னு அவரு ஒரு வார்த்த கேட்டா, ஆமான்னு சொல்லிறலாம்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கேக்கல. மறுக்கவும் வாய் வரல, சரின்னுட்டேன். பெறவுதான் இந்த மிசின் சங்கதி தெரிஞ்சது. நான் சும்மா இருந்ததே அங்க போய்ச் சேரல. சரி மட்டும் போய்ச் சேந்திருக்கு."

குழுவில் ஒருவர், "இதைக் குடும்பத்தோட பேசித் தீர்த்துக்கலாமேம்மா" என்றார்.

"ஞாயித்துக்கிழம ஓலை வாசிக்கப் போறாங்க சார். கோயில்ல எந்திரிச்சு ஆட்சேபம்னு சொன்னா ஊரு என்னை உரிச்சுரும். வீட்ல சொன்னா, சரின்னு சொன்னவ நீதானேம்பாங்க. இங்கதான் ஆட்சேபம் சொல்லக் கூப்பிட்டு, டீயும் குடுக்கீங்க."

யாரோ சிரித்தார்கள். அப்போது மணமகள் அறைக் கதவு திறந்தது.

பெர்க்மான்ஸ் நேராக இரண்டாவது மைக்குக்கு வந்தான். வாயைத் திறந்தான். நரம்பு புடைத்தது, கண் மண்டபத்து மூலைக்குப் போனது. சத்தமில்லை. சபை பார்த்தது. ரேடியோ தம்பி இவன்தான் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. நான் இயக்குநரைப் பார்த்தேன், இயக்குநர் என்னைப் பார்த்தார். யாரோ "தண்ணி குடுங்கப்பா" என்றார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மணி அடித்தது.

"உங்க நேரம் முடிஞ்சது," என்றார் தலைவர், பரிதாபமாக.

"அவரு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே," என்றாள் ஃபெபியோலா.

"மூணு நிமிஷம் ஆயிடுச்சும்மா."

"பேசாத நேரம் அரசாங்கத்துக்குச் சொந்தம்னு பத்தி நாலுல போட்டிருக்கு. அரசாங்கம் எடுத்துக்கிட்ட நேரத்த எதுக்கு அவரு கணக்குல எழுதுதிய?"

மூவர் குழு தலையை ஒன்றாகச் சாய்த்துக் கிசுகிசுத்தது. கடைசியில் தலைவர் மணியை எடுத்துக் காலடியில் வைத்தார்.

பெர்க்மான்ஸ் பேசினான். அவன் பேசியது மொத்தமே நான்கு வாக்கியம். அதற்கு ஆன நேரத்தில் வேறொருவர் முழுத் தலைமையுரை ஆற்றியிருக்கலாம். "அந்தக் கேள்வியக் கேட்டது நான்தான். இந்த மிசின் எனக்கு வேணும், ரொம்ப வேணும். இது இல்லாம நான் இப்பிடித்தான். ஆனா அவ யோசிச்சது எனக்குக் கேட்ருக்கணும், அதனால எடுத்துருங்க."

சோதனை ஓட்டம் அன்றே நிறுத்தி வைக்கப்பட்டது. நிரவி வேண்டும் என்று மையம் இன்னமும் கருதினால், இறுதிப் பரிந்துரை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் டெல்லிக்கு ஈமெயிலில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் விஷயம் முடிந்தது என்று தலைவர் அறிவித்தார்.

வெளியே வாழைமரத்தடியில் அவர்கள் இருவரும் நின்றார்கள். நான் நாகரிகமாக, காதில் விழுகிற தூரத்தில் நின்றேன்.

"இதத்தான் மறச்சியளா?" என்றாள்.

தலையாட்டினான்.

"ஏன் சொல்லல?"

அவன் தொடங்கி, நின்று, மூலை தேடி, வாழைமரத்தில் மூலை இல்லாததால் அவளையே பார்த்துச் சொன்னான். "சொல்ல நேரமாவும்னுதான்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஓலைய நிறுத்திருங்க. நான் யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். அன்றைக்கே அவன் வீட்டுக்குச் சொல்லி நிறுத்தினான். அவன் அப்பா போனில் திட்டியது, நிரவி இல்லாத லைனில், இடைவெளியோடு கேட்டது.

இயக்குநர் மட்டும் அசையவில்லை. "ரெண்டு பேர் அழுதான்னு கொள்கையை மாத்த முடியுமா? தேசத்துக்கு இண்டர்நெட் வேணும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் தொல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இறுதிப் பரிந்துரையை அடித்து முடித்தேன். மௌனம் அரசுடைமை. விம்மலுக்கு மட்டும் விலக்கு அளிப்பது பற்றி ஐந்தாண்டுக்குப் பின் பரிசீலனை. மோடத்தைத் தட்டப் போன நேரத்தில் போன் அடித்தது. எங்கள் மையத்தில் ஒரே லைன்தான். பேச்சும் அதில்தான், மோடமும் அதில்தான்.

"பெர்க்மான்ஸ் இருக்காங்களா?" என்றது ஒரு குரல். பின்னால் துறைமுக லாரிகளின் ஹாரன்.

பக்கத்து அறையில் இருந்த இணைப்பில் எடுக்கச் சொன்னேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் காத்திருந்தேன். மோடமும் காத்திருந்தது. நான்கு மணி தாண்டியதும் இயக்குநர் எட்டிப் பார்த்தார்.

"போச்சா?"

"லைன் பிஸி சார்."

"யாரு?"

"பெர்க்மான்ஸ் சார்."

"பேசிண்டே இருக்கானா? இவனா?"

கதவில் காதை வைத்துப் பார்த்தேன். "பேசற மாதிரித் தெரியல சார்."

"பேசலேன்னா லைனை விடச் சொல்லேன்!"

நியாயமான பேச்சு. சொல்வதற்காக என் மேசையில் இருந்த ரிசீவரை எடுத்தேன். அதில் ஒன்றும் இல்லை. லைனின் மெல்லிய இரைச்சல். தூரத்தில் ஒரு லாரி. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. குறுக்கே பேச வேண்டும் என்றுதான் எடுத்தேன். மையத்தில் வாக்கியங்களை முடித்து வைப்பவன் நான்தானே. என்ன வாக்கியம் என்று தெரியாததால் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

"என்னடா?" என்று இயக்குநரே வந்து ரிசீவரை எடுத்தார். காதில் வைத்தார். அதட்டுவார் என்று பார்த்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். பிறகு, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி, ரிசீவரை அதன் இடத்தில் வைத்தார்.

"எதிர்ல அந்தப் பொண்ணா?"

"ஆமா சார்."

கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. "நாளைக்குக் காலம்பற அனுப்பிடு," என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நாளைக்கு அனுப்புவதில் பயனில்லை என்பது அந்தக் கெடுவைக் குறித்துக்கொண்ட அவருக்குத் தெரியாததில்லை.

ஐந்து அடித்து வெகுநேரம் கழித்து பெர்க்மான்ஸ் கதவைத் திறந்தான். கழுத்து நரம்பு அடங்கியிருந்தது.

"என்னடா சொன்னா? இவ்வளவு நேரம்?"

"வேண்டாம்னுட்டாலே."

"அதைச் சொல்லவா இத்தனை நேரம் எடுத்துக்கிட்டா?"

"இல்லலே," என்றான். "அத எடுத்த ஒடனயே சொல்லிட்டா. பெறவு ரெண்டு பேருக்கும் போன வைக்கத் தோணல."